எட்டு ஓம் பெட்டியில் பன்னிரண்டு ஓம்: ஒரு பேஸ் ஆம்ப், இரண்டு கேபினெட், ஒரு நிகழ்வு ஆய்வு

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபத்தில் மெல்லிசை நிகழ்ச்சி. ஒலிக்கலவை மேசையில் நான் இருந்தேன். ஏழாவது பாட்டில், இரண்டாவது சரணம் எடுக்கும் இடத்தில், மேடையில் பேஸ் கிடார் சட்டென்று அடங்கியது. ஐந்தாறு வினாடியில் திரும்ப வந்தது. அடுத்த பாட்டில் மறுபடியும் போனது.

கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியவே இல்லை. ஆம்ப்பின் பின்னாலிருக்கும் டிஐ (கலவை மேசைக்கு நேராகச் சிக்னல் தரும் வெளியீடு) வழியாக பேஸ் என் மேசைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது; மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் அது விடாமல் ஓடியது. மேடையில் இருந்தவர்களுக்குத்தான் காலடித் தரை நழுவியது போல ஆகிவிட்டது. டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பாடகி ஒரு நொடி தயங்கிச் சரணத்தை எடுத்தார். பேஸ் வாசித்த தம்பிக்குத் தன் சுருதியே காதில் விழவில்லை. ஒரு ஃபிரெட் தள்ளி விரல் வைத்துவிட்டு, முகம் வெளிறி நின்றான்.

நிகழ்ச்சி முடிந்து கேபிளைச் சுருட்டும்போது என்னிடம் வந்தான். "வாட்டு பத்தலண்ணே. எண்ணூறு வாட் ஹெட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆயிரத்து இருநூறு வெள்ளி. வாங்கிரட்டுமா?"

தேசிய சேவை முடித்து வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். ஆயிரத்து இருநூறு வெள்ளி அவனுக்குச் சும்மா வரவில்லை. "ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறு தம்பி, எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு வா, பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

இந்த "வாட் போதவில்லை" என்ற பேச்சை எத்தனையோ குழுக்களில் கேட்டிருக்கிறேன். பேஸ் கேட்கவில்லை என்றதும் எல்லாருடைய கண்ணும் ஹெட்டின் மேல், அதாவது சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்பின் மேல்தான் போகிறது. ஸ்பீக்கர்கள் இருக்கும் பெட்டியான கேபினெட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காற்றைத் தள்ளுவது கேபினெட்தான் என்பதை இந்த ஒரு சம்பவத்தை வைத்தே முழுதாக விளக்க முடியும். அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

அவனிடம் இருந்தவை

ஐந்து தந்தி பேஸ். வகுப்பு-டி என்ற லேசான வகை ஹெட், இரண்டு கிலோகூட எடை வராது. பின்பக்கத்தில் "4 ஓமில் 500 வாட், குறைந்தபட்சச் சுமை 4 ஓம்" என்று அச்சாகியிருந்தது; ஓம் என்பது பெட்டி மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு. இணையத்தில் பழைய பொருளாக வாங்கிய 4×10 கேபினெட், அதாவது பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள பெட்டி. சீட்டில் 8 ஓம். வாங்கிய நாளிலிருந்தே "சத்தம் கம்மியா இருக்கு" என்று அவனுக்கு ஒரு குறை. அதைத் தீர்க்க, நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு இன்னொரு பழைய பெட்டி வாங்கினான்: 1×15, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 4 ஓம், 300 வாட். பத்து அங்குலம் நடுச்சத்தத்துக்கு, பதினைந்து அங்குலம் அடிச்சத்தத்துக்கு என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டையும் ஒரே ஹெட்டில் மாட்டி மேடையேறினான். ஹெட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கதை இவ்வளவுதான்.

8 ஓம் பெட்டியும் 4 ஓம் பெட்டியும் பக்க இணைப்பில் (பேரலல்) சேர்ந்தால் மொத்தச் சுமை 2.67 ஓம். ஹெட் தாங்குவது 4 ஓம் வரை. ஓம் குறையக் குறைய ஹெட்டிலிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கப்படும். மடை எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர் பாயும் என்பது மாதிரி. 4 ஓமில் 500 வாட் என்றால் ஹெட் சுமார் 45 வோல்ட் தருகிறது, 11 ஆம்பியர் ஓடுகிறது. அதே 45 வோல்ட்டை 2.67 ஓமில் வைத்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அந்த அளவுக்கு ஹெட்டின் உள்பாகங்கள் செய்யப்படவில்லை. மெதுவான பாட்டில் தாக்குப்பிடிக்கும். தாளம் ஏறும் சரணத்தில் காப்புச்சுற்று விழுந்துவிடும்.

தம்பிக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. பலருக்கும் இருப்பதுதான். "அண்ணே, நான் ரெண்டையும் ஹெட்டுல மாட்டல. ஹெட்டுலேர்ந்து ஒரு பெட்டி, அந்தப் பெட்டியிலேர்ந்து அடுத்தது. அப்படின்னா சீரீஸ், தொடர் இணைப்புதானே?" இல்லை. கேபினெட்டின் பின்னால் இருக்கும் இரண்டு துளைகளும் உள்ளே ஒன்றோடொன்று நேராக இணைந்தவை. ஹெட்டிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் போட்டாலும், ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போட்டாலும், மின்சாரத்துக்கு இரண்டும் பக்க இணைப்பே. கண்ணுக்கு வரிசையாகத் தெரிவதால் ஏமாந்துவிடுகிறோம்.

இதோடு நிறுத்தி, "4 ஓம் பெட்டியைக் கழற்று" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி, 8 ஓமில் 250 வாட் கிடைக்கும் ஹெட். இது ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஏன் போதாமல் போனது? அந்தக் குறை வந்த பிறகுதானே பதினைந்தை வாங்கப் போனான்?

பேட்டரியும் நான்கு கூம்புகளும்

ஞாயிறு காலை என் வீட்டுக் கூடத்தில் 4×10 பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்தோம். வீவக அடுக்குமாடி வீட்டில் பேஸ் ஆம்ப்பைச் சத்தமாகப் போட்டுப் பார்க்க முடியாது; மேல்வீட்டுப் பாட்டி உடனே கீழே வந்துவிடுவார். ஆனால் கேபினெட்டின் உடல்நலம் பார்க்கச் சத்தமே தேவையில்லை. மல்டிமீட்டரும் ஒரு சின்ன பேட்டரியும் போதும்.

முதலில் மீட்டர். பெட்டியை ஹெட்டிலிருந்து முழுக்கக் கழற்றி, ஸ்பீக்கர் கேபிளை மட்டும் அதில் செருகி, மறுமுனையில் மீட்டரை வைத்தோம். 8 ஓம் என்று எழுதிய பெட்டி மீட்டரில் 8 காட்டாது; அது நேர்மின்தடையை மட்டும் அளக்கிறது என்பதால் ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் காட்டும். 4 ஓம் பெட்டி மூன்று, மூன்றரை காட்டும். பதினைந்து அங்குலப் பெட்டி 3.4 என்றது. சரி. பத்து அங்குலப் பெட்டி 12.1 என்றது.

முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 12.1.

8 ஓம் கேபினெட்டில் மீட்டர் பன்னிரண்டு காட்டினால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இந்த வகைப் பெட்டியில் 8 ஓம் ஸ்பீக்கர் நான்கு இருக்கும். இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் சேர்த்தால் ஒவ்வொரு ஜோடியும் 16 ஓம். அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 8 ஓம். ஒரு ஸ்பீக்கரின் சுருள் அறுந்தால் அது மட்டும் சாகாது, அதோடு தொடரில் நிற்கும் கூட்டாளியும் வாயடைத்துப் போகும். மிஞ்சுவது ஒரு ஜோடி, 16 ஓம், மீட்டரில் பன்னிரண்டு சொச்சம்.

முன்வலையைக் கழற்றினோம். சாதாரண இரட்டை-ஏ பேட்டரி, ஒன்றரை வோல்ட். கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் அடியில் வைத்து, மறுமுனையால் தலையை லேசாகத் தொட்டேன். "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். இடது பக்கம் மேலும் கீழுமாக இருந்த இரண்டு கூம்புகள் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றன. எடுத்ததும் உள்ளே போயின. வலது பக்கத்து இரண்டும் அசையவே இல்லை. தம்பி குனிந்து அந்த இரண்டின் மேலும் விரல் நுனியை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை தொடுங்கண்ணே" என்றான். தொட்டேன். விரலை எடுக்காமலே தலையாட்டினான்.

நான்கு ஸ்பீக்கர் என்று வாங்கிய பெட்டியில் இரண்டுதான் வேலை செய்திருக்கின்றன, வாங்கிய நாளிலிருந்தே. விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். படுக்கையறையில் மெல்ல வாசிக்கும்போது இரண்டு ஸ்பீக்கரும் நான்கும் ஒன்று போலத்தான் கேட்கும்.

நஷ்டம் எவ்வளவு? இருந்திருக்க வேண்டிய நான்கில் பாதிதான் காற்றைத் தள்ளுகிறது. சுமை 8 ஓமிலிருந்து 16 ஓமாக ஏறியதால் ஹெட்டிலிருந்து வரும் ஆற்றலும் 250 வாட்டிலிருந்து 125 ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்து தாழ்ந்த சுரங்களில் 6 டெசிபல் குறைவு. 6 டெசிபலை ஹெட்டை மட்டும் மாற்றி ஈடுகட்ட நினைத்தால் நான்கு மடங்கு வாட் வேண்டும். அவன் பார்த்து வைத்திருந்த 800 வாட் ஹெட் அவனுக்குத் தந்திருக்கக்கூடியது 2 டெசிபல். உன்னிப்பாகக் கேட்டால்தான் வித்தியாசமே தெரியும்.

இப்போது அந்த மேடைக் கணக்கையும் திருத்த வேண்டியிருந்தது. அன்று ஹெட் பார்த்த சுமை 2.67 ஓம் இல்லை; 16 ஓமும் 4 ஓமும் சேர்ந்த 3.2 ஓம். பெட்டி நல்ல நிலையில் இருந்திருந்தால் ஹெட் இன்னும் முன்னதாகவே விழுந்திருக்கும். பங்கீட்டைப் பாருங்கள்: ஐந்தில் நான்கு பங்கு ஆற்றல் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கே போயிருக்கிறது. ஹெட் 600 வாட் தள்ளிய நொடியில் 480 வாட் அந்த ஒற்றை ஸ்பீக்கருக்கு, அதன் தாங்கு அளவோ 300. மிச்சம் 120 வாட்டை இரண்டு பத்து அங்குலங்கள் பங்கு போட்டன. ஹெட்டின் காப்புச்சுற்று அன்று விழாமல் இருந்திருந்தால் பதினைந்தின் சுருள் கருகியிருக்கும்.

வலது மேல் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் கண்ணிலேயே பட்டது. முனையத்திலிருந்து கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி, கூம்பு முன்னும் பின்னும் ஆடி ஆடி, ஒட்டிய இடத்தில் நைந்து அறுந்திருந்தது. சுருள் நன்றாக இருந்தது. ஸ்பீக்கர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் புதுப் பின்னல் கம்பி போட்டு வாங்கினான். ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு அது ஒரு மூலைக்கு வராது. மாட்டிய பிறகு மீட்டர் 6.1 என்றது, பேட்டரியைத் தொட்டதும் நான்கு கூம்புகளும் ஒரே பக்கமாக, வெளியே, தள்ளின. ஒரே பக்கமாக என்பது முக்கியம். பழுது பார்க்கும்போது ஒன்றில் கம்பியை மாற்றிப் போட்டுவிட்டால் அது உள்ளே இழுக்க மற்றவை வெளியே தள்ளும், அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

அன்று பெட்டிகளை இணைத்த கேபிளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கிடாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிள். இரு முனையிலும் அதே கால் அங்குலச் செருகி இருப்பதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். அதன் நடுக்கம்பி மயிரிழை; மிகச் சிறிய சிக்னலுக்காகச் செய்தது, பத்துப் பதினைந்து ஆம்பியருக்கு இல்லை. "அன்னிக்குக் கழட்டும்போது சூடா இருந்துச்சு" என்று அப்போதுதான் சொன்னான். ஸ்பீக்கருக்குத் தடித்த இரட்டைக் கம்பிக் கேபிள்தான் போட வேண்டும். ஹெட்டிலும் பெட்டியிலும் ஸ்பீக்கான் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். திருகிப் பூட்டிக்கொள்ளும், நடுவில் நழுவாது. நம் ஊர் ஈரக்காற்றில் சாதாரணச் செருகியும் துளையும் சீக்கிரம் மங்கிப்போய்த் தொடர்பு விட்டு விட்டு வரும். அந்தத் தொல்லையும் இதில் குறைவு.

பதினைந்து அங்குலம் அடிச்சத்தத்துக்கா?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். தம்பியைப் பதினைந்து வாங்க வைத்தது இந்த நம்பிக்கைதான்.

காற்றைத் தள்ளும் பரப்பைக் கணக்கிட்டால், பதினைந்து அங்குலக் கூம்பு ஒன்று சுமார் 850 சதுர சென்டிமீட்டர். பத்து அங்குலம் ஒன்று சுமார் 340. நான்கு சேர்ந்தால் 1,360. அதாவது நல்ல 4×10 பெட்டி, ஒற்றைப் பதினைந்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் காற்றைப் பிடிக்கிறது. ஒரு பெட்டி எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஸ்பீக்கரின் விட்டம் மட்டும் சொல்லிவிடாது. பெட்டியின் கொள்ளளவு, அதில் காற்றுத்துளை உண்டா இல்லையா, கூம்பு எவ்வளவு தூரம் முன்பின் போய்வர முடியும், இவை மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஆம்பெக் நிறுவனத்தின் 8×10 கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வந்த 300 வாட் எஸ்விடி டியூப் (வால்வு) ஹெட்டோடு பேர் பெற்ற பெட்டி. ராக் மேடைகளில் பேஸ் என்றாலே அதுதான் நினைவுக்கு வரும். அதில் எட்டும் பத்து அங்குலம், காற்றுத்துளையே இல்லாத மூடிய பெட்டி. 58 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 58 அதிர்வு) கீழே அது சரியத் தொடங்கிவிடுகிறது என்று தயாரிப்பாளரின் விவரத்தாளே சொல்கிறது. பேஸின் தாழ்ந்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸின் பி 31 ஹெர்ட்ஸ். அப்படியிருந்தும் அந்தப் பெட்டி மெலிந்து ஒலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இ தந்தியை மீட்டும்போது 41 மட்டும் எழுவதில்லை. 82, 123 என்று மேல்சுரங்கள் வலுவாக எழுகின்றன. அவற்றைக் கேட்டதும் நம் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் "கேட்பது" பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸிலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான்.

அடுத்தது பொருத்தம். 4×10உம் 1×15உம் வேறு வேறு கைகளில் செய்த பெட்டிகள். ஒன்று ஒரு சுரத்தில் வெளியே தள்ளும்போது மற்றது அதே கணத்தில் தள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சில சுரங்கள் தூக்கும், சில அமுங்கும். ஒத்த மாட்டை ஒரே நுகத்தில் பூட்டினால்தான் வண்டி நேராகப் போகும். இரண்டு பெட்டி வேண்டுமென்றால் ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி, ஒரே ஓம். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேறுபட்ட பெட்டிகளைச் சேர்த்து அருமையாக வாசிப்பவர்களையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் காதால் பலமுறை சோதித்துச் சேர்த்தவர்கள்.

ஜாமிங் ஸ்டுடியோ சொன்ன பொய்

வீட்டில் பழுது சரியானது. சத்தத்தைச் சோதிக்க, குழு வழக்கமாகப் பயிற்சி செய்யும் ஜாமிங் ஸ்டுடியோவுக்குப் போனோம். தம்பி ஹெட்டைப் போட்டதும் அடிச்சத்தக் குமிழ் தானாகவே கடிகாரத்தின் மூன்று மணிப் பக்கம் போனது, நடுக்குமிழ் ஒன்பது மணிக்கு இறங்கியது. "இது என் செட்டிங்" என்றான். படுக்கையறையில் தனியாக, மெல்லிய சத்தத்தில் அமைத்துக்கொண்ட செட்டிங். தனியாகக் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மந்தமாகக் கேட்பதால் குமிழைத் தூக்கத் தோன்றுகிறது.

ஆனால் அடிச்சத்தத்தை 10 டெசிபல் தூக்கினால் அந்த இடத்தில் ஹெட் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும். 30 வாட்டில் முடிந்த வேலைக்கு 300 வாட். அன்று மேடையில் ஹெட்டின் உயிரை வாங்கியதில் ஓமுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தக் குமிழுக்கும் உண்டு. கூம்பின் கஷ்டம் அதைவிடப் பெரிது: அதே சத்தத்தை ஓர் எட்டுச்சுரம் கீழே தர வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். காற்றுத்துளை வைத்த பெட்டியில், துளைக்குச் சுருதி வைத்த இடத்துக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தமே இருக்காது, சும்மா படபடக்கும். தம்பியின் தாழ்ந்த பி தந்தி சரியாக அங்கேதான் விழுகிறது. சீட்டில் எழுதிய வாட் என்பது சுருள் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான கணக்கு. கூம்பு தன் எல்லையை அதற்கு வெகு முன்பே தொட்டுவிடும்.

அந்த அறை அவனை இன்னொரு விதத்திலும் ஏமாற்றியிருந்தது. அடியளந்து பார்த்தேன், நீளம் சுமார் 4.2 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 41 ஹெர்ட்ஸ். அறையே இ தந்தியின் சுருதியில் நிற்கிறது. அவன் எப்போதும் சுவரையொட்டி நிற்பவன், அங்கேதான் இந்த எழுச்சி உச்சம். அறையின் நடுவுக்கு அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் அதே இ தந்தியை மீட்டச் சொன்னேன். பாதிச் சத்தம் காணாமல் போனது. மறுபடி சுவரோரம் போனான், திரும்ப நடுவுக்கு வந்தான். மூன்று நான்கு தடவை நடந்து பார்த்துவிட்டு, "அப்ப ஹால்ல எனக்குக் கேட்டதுதான் நெசமாண்ணே?" என்றான். ஆமாம், பெரிய மண்டபத்தில் இந்தச் சுவர் உதவி கிடையாது.

அப்புறம் மூன்று காரியம் செய்தோம். அடிச்சத்தக் குமிழை நேராக்கினோம். நடுச்சத்தத்தில் 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றினோம். தபேலாவின் டக்காவும் டிரம்ஸின் கிக்கும் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, பேஸ் தன் முகத்தைக் காட்ட இதுதான் இடம். முப்பத்தைந்து ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு ஹை-பாஸ் பெடலை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குழுவோடு வாசித்தபோது கீபோர்டுக்காரர் அவராகவே நிமிர்ந்து பார்த்தார். எண்பதுகளின் திரைப்பாட்டுகளில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு பாட்டுக்குள் நடக்கும் அல்லவா? அந்த நடை, விரல் தந்தியைத் தொடும் ஓசையோடு, முதல் முறையாக அந்த அறையில் தெளிவாக விழுந்தது.

முழங்காலுக்குக் காது கிடையாது

இரண்டாவது நிகழ்ச்சி ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்யாண வரவேற்பு. தாழ்ந்த கான்கிரீட் கூரை, தூண்கள், பக்கங்கள் திறப்பு. இங்கே ஒற்றை 4×10, 8 ஓம், 250 வாட்.

பெட்டியைத் தரையில் வைத்து அதன் முன் இரண்டடியில் நின்றான். "இப்பவும் எனக்குச் சரியா கேக்கல" என்றான். நான் அவனைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன், கண் விரிந்தது. தாழ்ந்த சுரங்கள் எல்லாப் பக்கமும் பரவும். தெளிவு தரும் மேல்சுரங்கள் நேர்க்கோட்டில் போகும். தரையில் இருக்கும் பெட்டியின் முன் நின்றால் அவை முழங்காலைத் தாக்கிவிட்டுப் போய்விடுகின்றன. மேடையில் "எனக்கே கேட்கவில்லை" என்று குமிழைத் திருகுகிறவர்களில் பாதிப்பேர், பெட்டியை இரண்டடி உயர்த்தினால் குமிழைக் குறைத்துவிடுவார்கள். ஒலிக்கருவிகள் வந்த கெட்டியான பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் மேல் ஏற்றி வைத்தோம். ஒலியளவுக் குமிழ் பதினொரு மணியைத் தாண்டவில்லை. மூன்று மணி நேரம், ஹெட் ஒருமுறைகூட அணையவில்லை.

வரவேற்பு முடிந்து பெட்டியை லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போனபோதுதான் அடுத்த பிரச்சினையைத் தம்பி சொன்னான். கனம். நான்கு காந்தம், தடித்த பலகை. ஒவ்வொரு முறையும் பெரிய டாக்சி தேட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் முதுகு போய்விடும் என்றான்.

எதை எதோடு

அடுத்த சனிக்கிழமை பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிடார் கடைகளைச் சுற்றினோம். ஒரு டியூப் ஹெட் முன்னால் வெகுநேரம் நின்றான். அழகான சாமான்தான். ஆனால் டியூப் ஹெட்டுக்கு விதி வேறு: பின்னால் ஓம் தேர்வைப் பெட்டிக்குச் சரியாகப் பொருத்த வேண்டும், ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் இயக்கக்கூடாது, வெளியீட்டு மின்மாற்றி போய்விடும். டிரான்சிஸ்டர், வகுப்பு-டி ஹெட்டுகளுக்கு நேர்மாறு; பெட்டி இல்லாமல் டிஐ வழியாக மட்டும் வாசிக்கலாம், ஓம் குறைவதுதான் ஆபத்து. பழைய அமெரிக்க ஹெட் என்றால் 120 வோல்ட்டா என்று பின்பக்கம் பார்த்துவிடுங்கள். நம் சுவரில் இருப்பது 230.

அவனுக்கு நான் சொன்ன வழி இதுதான். 500 வாட் ஹெட் போதும், அதை வைத்துக்கொள். 4 ஓம் பதினைந்தை விற்றுவிடு. நல்ல நிலையில் இருப்பதால் அதற்குரிய விலைக்கு. நியோடிமியம் காந்தம் வைத்த 2×10 பெட்டி, கட்டாயம் 8 ஓம், முதலில் ஒன்று வாங்கு. காந்தம் லேசு என்பதால் ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம். சின்ன இடங்களுக்கு அது ஒன்றே போதும். பணம் சேர்ந்ததும் அதே மாதிரி இன்னொன்று. இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம். ஹெட்டின் 500 வாட் முழுதும் அப்போதுதான் வெளியே வரும், பெட்டிக்குப் பாதிப்பாதி. தனி 4×10உடன் ஒப்பிட்டால் அதே நான்கு ஸ்பீக்கர், 3 டெசிபல் கூடுதல், சுமக்கும் கனம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அவசரப்பட்டு 4 ஓம் பெட்டி வாங்கினால் இந்த வழி அடைபட்டுவிடும். ஒற்றைப் பெட்டியில் முழு வாட்டும் கிடைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அதோடு இன்னொன்று சேர்க்க முடியாது. வளரப்போகிறவன் 8 ஓமில் தொடங்குவதே நல்லது.

இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிமிர்த்தி அடுக்க வேண்டும், நான்கு ஸ்பீக்கரும் ஒரே செங்குத்துக் கோட்டில். பக்கம் பக்கமாக வைத்தால், ஒரு ஸ்பீக்கரிலிருந்து வரும் மேல்சுரம் பக்கத்து ஸ்பீக்கரின் மேல்சுரத்தோடு மோதி, நீங்கள் நிற்கும் கோணத்தைப் பொறுத்து விரலோசை வந்து வந்து போகும். நிமிர்த்தி அடுக்கினால் மேடையின் இரு பக்கமும் ஒரே மாதிரி பரவும். மேல் ஸ்பீக்கரும் நெஞ்சுயரத்துக்கு வந்துவிடும், தனி ஸ்டாண்ட் தேடவேண்டியதில்லை. 4×10 பெட்டியை அவன் விற்கவில்லை. பயிற்சி செய்யும் ஸ்டுடியோவிலேயே விட்டு வைத்திருக்கிறான்.

முதல் 2×10 பழையதாகவே கிடைத்தது, ஈசூனில் ஒருவர் வீட்டில். நானும் கூடப் போனேன். வாசல் தாழ்வாரத்தில் பெட்டியை எடுத்து வைத்து, விற்பவர் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தார். தம்பி அவரிடம் மரியாதையாக, "ஒரு நிமிஷம் பாத்துக்கலாமாண்ணே" என்று கேட்டுவிட்டுக் குந்தினான். பையிலிருந்து மீட்டரை எடுத்தான். 5.9. அடுத்து பேட்டரி. வலை வழியே டார்ச்சை அடித்துக்கொண்டு கேபிளைத் தொட்டான். இரண்டு கூம்புகளும் ஒன்றாக வெளியே தள்ளின. ஒருமுறை என்னைப் பார்த்தான், பணத்தை எண்ணினான்.